ரத்தம் போதலையாம்!

அந்த மினியேச்சர் (குட்டிப் போர்வீரன் பொம்மை) பெயிண்டிங் போட்டி முடிவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. வாள் நுனியைக் கீழ தொங்க விட்டுக்கிட்டு நிக்கற அந்த 28 மி.மீ. நைட்டுக்கு (கவசம் போட்ட வீரன் பொம்மை, பொம்மையை நாங்க ஃபிகர்னு சொல்லுவோம்) நடுவர் எழுதின வரியையும் பார்த்திருப்பீங்க: "ரத்தம் போதாது. பார்க்கத் துரு மாதிரி இருக்கு. இன்னும் ஃப்ரெஷ்ஷா போட்டிருக்கலாம்." அதுக்குக் கீழ வரிசையா கைதட்டல். ஜெயிச்சது யாரு? தலையிலேர்ந்து கால் வரைக்கும் சிவப்புல முக்கி எடுத்த கோடாரிக்காரன். வாழ்த்துகள். முகத்துல தோல் கலர் பிரமாதம், அதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. ஆனா ரத்தத்துக்காக அவனை மேல தூக்கி, அதே ரத்தத்துக்காக இந்த நைட்டைக் கீழ தள்ளினீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பொறுக்கல.

மினியேச்சர்ல ரத்தம் வைக்கறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது ரெண்டே கேள்வி. எங்கிருந்து வந்தது? எப்போ வந்தது? எந்த பாட்டில், எந்த பிராண்ட் எல்லாம் அப்புறம்.

அந்த நைட் படத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். வாள் நுனி கீழ இருக்கு. அதனால ரத்தம் வாளோட நடுப்பள்ளத்துல இறங்கி, கடைசி மூணுல ஒரு பங்குல அடர்த்தியாகி, நுனியில மட்டும் ஈரமா நிக்குது. கைப்பிடி பக்கம் சுத்தமா இருக்கு. வாளைத் தூக்கிப் பிடிச்ச ஃபிகரா இருந்தா இதுவே தலைகீழாகும்: ரத்தம் கைப்பிடிக்கு இறங்கி, கையுறையில சேர்ந்து, முழங்கை வரைக்கும் ஓடும். மேலங்கியோட ஓரத்துல காஞ்ச பழுப்பு, பளபளப்பே இல்ல. அது முந்தின சண்டையோட ரத்தம். வாள் நுனியில இருக்கறது இப்போ சிந்தினது. ஒரே ஃபிகர்ல ரெண்டு நேரத்தைக் காட்டியிருக்கான் அதைப் பெயிண்ட் பண்ணின பையன். அதைத்தான் "துரு மாதிரி இருக்கு"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

துரு மாதிரிதாங்க இருக்கும். ஹீமோகுளோபின்ல இருக்கற இரும்பு ஆக்சிஜனேற்றம் ஆகி மெத்ஹீமோகுளோபினா மாறும்போது சிவப்பு போய் பழுப்பு வரும். காயக் காயப் பளபளப்பும் போயிடும். சிந்தின ரத்தம் ஓரத்துலேர்ந்துதான் முதல்ல காயும். அதனால ஓரம் கருத்தும் நடு ஈரமாவும் இருக்கற ஒரு கட்டம் வரும். இதைத் தெரிஞ்சு பெயிண்ட் பண்றவனுக்கு மார்க் குறைக்கறீங்க.

சரி, "போதாது"ங்கறதுக்கு வருவோம். கணக்கே போட்டுப் பார்த்திடலாம். 28 மி.மீ. ஃபிகரை ஏறக்குறைய 1:60 அளவுன்னு வைங்க. அப்போ அதுல 1 மி.மீ. அகலத்துக்கு ஒரு புள்ளி வைச்சீங்கன்னா, நிஜத்துல அது 6 செ.மீ. அகலக் கறை. பிரஷ் நுனியால அலட்சியமா வைக்கற ஒவ்வொரு பொட்டும் உள்ளங்கையில முக்கால்வாசி. சாதாரணமா தரையில சொட்டுற ஒரு துளியோட கறை இந்த அளவுல கால் மில்லிமீட்டர்தான் வரும். இன்னொண்ணு: வளர்ந்த மனுஷன் உடம்புல ரத்தம் சுமார் 5 லிட்டர். அதை 60-ஆல மூணு தடவை வகுங்க, கொள்ளளவு இல்லையா. 0.023 மி.லி. வரும். ஒரு சொட்டுத் தண்ணி 0.05 மி.லி.ன்னா, அந்த நைட் உடம்புல மொத்தமா ஓடற ரத்தம் அரைச் சொட்டுகூட இல்ல. உங்க மேசையில இருக்கற 10 மி.லி. பாட்டில்ல நானூறு பேருக்கு மேல ரத்தம் இருக்கு. கோடாரிக்காரன் மேல எத்தனை பேரைக் கொட்டியிருக்காங்கன்னு நீங்களே எண்ணிக்கோங்க.

"நல்லா பேசற, செய்முறை சொல்லு"ன்னு ஒரு குரல் கண்டிப்பா வரும். சொல்றேன்.

மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு, முதல்ல. ஃபிகர் மொத்தமும் முடிச்சு, மேட் வார்னிஷ் அடிச்சு, நல்லா காஞ்ச பிறகுதான் ரத்தம். வரிசையை மாத்தினா என்ன ஆகும்? ரத்தம் வைச்ச பிறகு மேட் அடிச்சா ஈரமா இருந்த ரத்தம் எல்லாம் செத்துப்போய் பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும். அது மேல பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ல தொட்டு ஓரளவு மீட்கலாம், ஆனா ஆழம் திரும்பாது. முதல்லயே வார்னிஷ் போடறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. புது ரத்தத்துக்கு எடுக்கற டமியா கம்பெனியோட எக்ஸ்-27 கிளியர் ரெட் பெயிண்ட் ஆல்கஹால் கலந்தது. ஒரே இடத்துல பிரஷ்ஷைத் திரும்பத் திரும்ப ஓட்டினா அடியில இருக்கற அக்ரிலிக் இளகிக் கையோட வந்துடும். வார்னிஷ் இருந்தா கொஞ்சம் தாங்கும். அப்பவும் ஒரு தடவை வைச்சுட்டுக் கையை எடுத்திடணும்.

காஞ்ச ரத்தத்துக்கு கிளியர் ரெட் வேண்டவே வேண்டாம். சிட்டடெல் கம்பெனியோட ரைனாக்ஸ் ஹைட் பழுப்பும் கோர்ன் ரெட் சிவப்பும் பாதிக்குப் பாதி கலந்து, பால் பதத்துக்குத் தண்ணி விட்டு, பார்சல் பேக்கிங்ல வர்ற ஸ்பாஞ்சைக் கிள்ளித் தொட்டு, காகிதத்துல முக்கால்வாசியைத் துடைச்சுட்டு ஒத்தி எடுங்க. வேலை முடிஞ்சது. பளபளப்பு வந்திருந்தா அந்த இடத்துல மட்டும் மேட் வார்னிஷைத் தொட்டு வைங்க.

புது ரத்தத்துக்கு எக்ஸ்-27 நாலு பங்கு, அதே கம்பெனியோட எக்ஸ்-19 ஸ்மோக் (புகைக் கருப்பு) ஒரு பங்கு. கிளியர் ரெட்டை அப்படியே வெள்ளி வாள் மேல தடவினா மிட்டாய் பளபளப்புதான் வரும். அது ஒளி ஊடுருவற பெயிண்ட், அடியில இருக்கற உலோகம் அப்படியே மின்னி வெளிய தெரியும். அதனாலதான் ஸ்மோக். இல்லைன்னா அடியில மெல்லிசா ஒரு பழுப்பு. பழைய சிந்தெடிக் பிரஷ் எடுங்க, நல்ல முடி பிரஷ்ஷைப் பாழாக்காதீங்க. கழுவ எக்ஸ்-20ஏ தின்னர், இல்லைன்னா ஐசோப்ரோபைல் ஆல்கஹால். ஜன்னல் திறந்திருக்கணும். ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது, மேல காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள பிசுபிசுப்பு இருக்கும். கைரேகை விழுந்தா அதோட சரி. தண்ணில கரையற பெயிண்ட்தான் வேணும்னா சிட்டடெல்லோட 'பிளட் ஃபார் தி பிளட் காட்'ங்கற ரத்தப் பெயிண்ட்டைத் தாராளமா எடுங்க, கெட்டியா ஒரே கோட்டா கொட்டாம மெல்லிசா ரெண்டு கோட் போடுங்க. எனக்கு அந்த பாட்டில் மேல எந்தக் கோபமும் இல்ல. மூடியைத் திறந்ததும் மூளையை மூடிக்கறவங்க மேலதான்.

தெறிப்பு வேணும்னா பழைய டூத் பிரஷ். நுனியில மட்டும் பெயிண்ட், முதல் தெறிப்பு காகிதத்துல, பெரிய சொட்டெல்லாம் விழுந்து முடிஞ்ச பிறகு ஃபிகர் பக்கம் திரும்புங்க. முகத்தையும் பேஸையும் (ஃபிகர் நிக்கற அடித்தட்டு) டேப் போட்டு மறைச்சுக்கோங்க. ஏர்பிரஷ் காத்தால ஊதறவங்க அழுத்தத்தைக் குறைக்கலைன்னா, புள்ளி சிதறிச் சிலந்திக் கால் விடும். இங்கயும் அதே கேள்விதான்: எங்கிருந்து வந்தது? நேரா வந்து விழுந்த துளி வட்டமா இருக்கும். சாய்வா வந்தது நீள்வட்டமாகி, போற திசையில வால் விடும். கறையோட அகலத்தை நீளத்தால வகுத்தா வர்றதுதான் விழுந்த கோணத்தோட சைன். நீளம் அகலத்தைப் போல ரெண்டு மடங்குன்னா 30 டிகிரி. வீசின கோடாரியிலேர்ந்து பறக்கற ரத்தம் கோடு கட்டின மாதிரி வரிசையா விழும். ஜெயிச்ச ஃபிகர்ல கோடாரி வலப்பக்கம், தெறிப்பு இடது தோள் பின்பக்கம். யார் வெட்டினது, பின்னாடி நின்னவனா?

குடலைப் பத்தி ஒரு வார்த்தை. எல்லாரும் குடலைச் சிவப்பா அடிக்கறாங்க. குடல் வெளிறின இளஞ்சிவப்பு, கொஞ்சம் சாம்பல் கலந்தது. கொழுப்பு மஞ்சள். தசைதான் கருஞ்சிவப்பு. கிரீன் ஸ்டஃப்ங்கற எபாக்சி மாவை நூலா உருட்டி, மடிச்சு மடிச்சு வைச்சு, வெளிறின தோல் கலர் அடிச்சு, கேரோபர்க் கிரிம்சன் வாஷை (தண்ணியான கருஞ்சிவப்பு பெயிண்ட்) இடுக்குல மட்டும் இறக்கி, மேல பளபளப்பு வார்னிஷ் போடுங்க. சிவப்புல அதுக்கு மேல போறவங்க ஜாம் தடவின ரொட்டிதான் பண்றாங்க. யூஹூ பசையில கிளியர் ரெட் கலந்து பல்குத்தும் குச்சியால இழுக்கற அந்த நூல் வித்தை இருக்கே, மிருகத்தோட வாய்க்குள்ள, பல்லுக்குப் பல் வைச்சா அசத்தும். அதை இப்போ கவசத்துக்கும் கேடயத்துக்கும் நடுவுல எல்லாம் இழுக்கறாங்க. தூசி ஒட்டி ஒரே மாசத்துல ஒட்டடை ஆயிடும்.

"இது ஃபேன்டஸி. டிராகன் பறக்கற உலகத்துல என்னய்யா ரியலிசம்?" தெரியும், இதைத்தான் முதல்ல கேப்பீங்க. டிராகன் பறக்கற உலகத்துலயும் ரத்தம் கீழ்நோக்கித்தான் ஓடும். அந்தக் கவசத்துல சிராய்ப்பு எங்க விழும், பூட்ஸ்ல சேறு எவ்வளவு உயரம் ஏறும்னு பாத்துப் பாத்துப் பண்றீங்க இல்ல? ரத்தத்துக்கு மட்டும் லீவா?

"மேசையில விளையாடறப்போ கைநீட்டுற தூரத்துலேர்ந்துதான் பார்ப்போம், கால் மில்லிமீட்டர் புள்ளியெல்லாம் கண்ணுக்கே தெரியாது." இது நியாயமான பேச்சு. விளையாடற படைக்கு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு மிகைப்படுத்துங்க, யார் வேண்டாங்கறா. ஆனா நடந்தது போட்டி. பெரிசு பண்ண க்ளோசப் படம் பார்த்து மார்க் போட்ட போட்டி. அங்க இந்த வாதம் செல்லாது.

"வன்முறையை ரசிக்கறீங்க"ன்னு ஒரு குரூப் வரும். சண்டை விளையாட்டு வாங்கி வைச்சுட்டு இந்தப் பேச்சு வேண்டாமே. அடுத்தது.

"ரசனை ஆளுக்கு ஆள் வேற." ஆமா, வேற. அப்போ ரசனைன்னு எழுதியிருக்கணும். "எனக்கு நிறைய ரத்தம் பிடிக்கும்"னு நடுவர் எழுதியிருந்தா நான் இந்தப் பதிவே போட்டிருக்க மாட்டேன். தப்புன்னு இல்ல எழுதினாங்க? துருன்னு இல்ல சொன்னாங்க? சரியா பண்ணினதைத் தப்புன்னு சொல்லிட்டு, கேட்டா ரசனைன்னு பின்வாசல் வழியா ஓடறது என்ன நியாயம்?

அந்தப் பையன் படத்தையே நீக்கிட்டான், கவனிச்சீங்களா? முதல் தடவை போட்டிக்கு அனுப்பினவன். அந்த முடிவுக்குக் கீழ கமெண்ட்ல போய் மேல சொன்ன கோணம், காயற விதம் எல்லாத்தையும் பொறுமையா விளக்கினேன். வந்த பதில்: "ரத்த வாத்தியார் வந்துட்டார்." சிரிப்பு ஸ்மைலி வேற. என்னைக் கிண்டல் பண்ணுங்க, பழகிடுச்சு. ஒரு வரியில ஒருத்தனோட வேலையைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி அந்த வாள் நுனி எந்தப் பக்கம் இருக்குன்னாவது பார்த்திருக்கலாம். பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் லைக் போட்டிருக்கீங்க. சிலர் இங்க நண்பர்கள் பட்டியல்ல இருக்கீங்க. பேர் சொல்லப் போறதில்ல, உங்களுக்கே தெரியும்.

தம்பி, இதைப் படிச்சா படத்தைத் திரும்பப் போடு. ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்து: நுனியில நிக்கற அந்த ஈரச் சொட்டுக்குக் கீழ, பேஸ்ல ஒரு சின்ன வட்டக் கறை வேணும். கால் மில்லிமீட்டர், அதுக்கு மேல போகாத. இன்னும் ரத்தம் கேக்கறவங்க கேட்டுக்கிட்டுதான் இருப்பாங்க.