எதிராளியின் மனுவையும் படிக்க வேண்டும்

எங்கள் ஏரியாவில் ஒரு அண்ணன் இருக்கிறார். தண்ணி லாரி வரவில்லை என்றால் முதல் போன் அவருக்குத்தான். முதியோர் பென்ஷன், சாதிச் சான்றிதழ், பட்டா என்று பதினைந்து வருடமாக அடுத்தவர்களுக்கு மனு எழுதியே காலம் போனது. போன வாரம் வீட்டுக்கு வந்தவர், “தம்பி, சட்டமன்றத்துக்கு சுயேச்சையா நிக்கப் போறேன். முன்மொழியுற பத்துப் பேர்ல நீயும் ஒரு ஆளு” என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. டெபாசிட் போய்விடுமே என்ற கவலை இல்லை, அது போகும் என்று அவருக்கே தெரியும். எனக்குக் கவலை வேறு. அண்ணனுக்கு மனு எழுதத் தெரியும்; எதிராளியின் மனுவைப் படிக்கத் தெரியாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் ஒபாமா ஞாபகம் வந்தார்.

ஒபாமா என்றதும் எல்லோரும் வெள்ளை மாளிகையில் இருந்து ஆரம்பிப்பார்கள். 1985-ல் சிகாகோவின் தெற்குக் கோடிக்கு வந்து இறங்கிய ஒபாமாவைப் பாருங்கள். அப்போது வயது 23. இரும்பு ஆலைகள் மூடி, வேலை போன ஜனங்கள் இருந்த பகுதி. அல்ட்கெல்ட் கார்டன்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில் கட்டடங்களுக்குள்ளேயே ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதை அகற்றச் சொல்லி அங்கிருந்த பெண்களைத் திரட்டி அதிகாரிகளிடம் கேள்வி கேட்க வைப்பதுதான் இவர் பார்த்த வேலை. அங்கே அதற்குக் ‘கம்யூனிட்டி ஆர்கனைசர்’ என்று பெயர். நம் அண்ணன் செய்வதும் அதுதான், சம்பளம்தான் கிடையாது. பிறகு ஹார்வர்டில் சட்டம் படித்துத் திரும்பி, 1992-ல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் இயக்கத்தை நடத்தினார். சுமார் ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்ததாகச் சொல்வார்கள்.

இனிதான் விஷயம். 1995-ல் இல்லினாய் மாநில செனட்டில் அந்தப் பகுதிக்கு உறுப்பினராக இருந்த ஆலிஸ் பால்மர், வாஷிங்டனில் இருக்கும் காங்கிரசுக்கு, அதாவது அவர்கள் நாடாளுமன்றத்துக்கு, போட்டியிடக் கிளம்பினார். தன் இடத்துக்கு ஒபாமா வரட்டும் என்று அவரே மேடையேற்றி அறிமுகம் செய்தார். நவம்பரில் அந்த அம்மா தோற்றுப்போனார். பழைய இடமாவது மிஞ்சட்டும் என்று திரும்பி வந்தார். ஒபாமா விலக மறுத்துவிட்டார்.

அங்கே கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தலில் பெயர் வரவே வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். குறைந்தது 757. பால்மர் அவசர அவசரமாக 1,580 வாங்கினார். இரண்டு மடங்கு! ஒபாமாவின் ஆட்கள் தேர்தல் வாரிய அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாக்காளர் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார்கள். கையெழுத்துப் போடாமல் பெயரை அச்செழுத்தில் எழுதியது, தொகுதிக்கு வெளியே இருப்பவர் போட்டது, பட்டியலிலேயே இல்லாதவர் போட்டது என்று அடித்துக்கொண்டே போனதில் பால்மரிடம் 757 தேறவில்லை. மற்ற மூன்று போட்டியாளர்களின் மனுக்களையும் இதேபோல் சோதித்தார்கள். கடைசியில் நான்கு பேரும் அவுட். 1996 மார்ச்சில் உட்கட்சித் தேர்தல் வந்தபோது வாக்குச்சீட்டில் ஒரே பெயர்தான். அது ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்பதால் நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு.

இதில் தப்பு என்ன, சட்டப்படிதானே என்பார்கள். உண்மைதான். போலிக் கையெழுத்தோடு வருபவரை விட்டுவிட வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றரை லட்சம் பேரை ஓட்டுப் போட வா என்று வீடு வீடாகக் கூப்பிட்ட மனிதர், அவர்கள் வந்து நின்றபோது தேர்ந்தெடுக்க ஒரு பெயரைத்தான் வைத்தார். தப்பில்லை, அழகும் இல்லை. அப்படி வாங்கிய இடத்தை வீணடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொலை வழக்குகளில் போலீஸ் விசாரணையைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தும் சட்டம் 2003-ல் இல்லினாயில் வந்ததற்கு முன்னால் நின்று உழைத்தவர் அவர்தான்.

சிகாகோ கதை நமக்கெதற்கு என்பவர்கள் 2017 டிசம்பர் ஆர்.கே. நகரை நினைத்துக்கொள்ளுங்கள். நடிகர் விஷாலை முன்மொழிந்த பத்துப் பேரில் இரண்டு பேர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள். மனு தள்ளுபடி. பிரச்சாரம் ஆரம்பிக்கும் முன்னாலேயே கதை முடிந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குத்தான் இந்தப் பத்துப் பேர் கண்டம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். “பால்மர் அம்மா பாவம்பா” என்றார் முதலில். பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பையில் இருந்து பட்டியலை எடுத்தார். மூன்றாவது பெயர் முனையில் வெற்றிலைக்கடை வைத்திருக்கும் ஆயா.

“ஆயா கைநாட்டுண்ணே. தேர்தல் அதிகாரி முன்னாடி வெச்சாத்தான் செல்லும்.”

“அப்ப கடைய அடைக்கணுமே அது.”

“ஒரு மனுவோட நிக்காதீங்க. ஒரு வேட்பாளர் நாலு மனு வரைக்கும் கொடுக்கலாம். ரெண்டாவது மனுவுக்கு வேற பத்துப் பேரைப் புடிங்க. யாரையாவது மிரட்டினாலும் இன்னொண்ணு நிக்கும்.”

பேனாவை எடுத்து ஆயா பெயருக்குப் பக்கத்தில் ‘ஆட்டோ’ என்று எழுதிக்கொண்டார். என் பெயருக்கு நேராக வாக்காளர் பட்டியலின் பாக எண்ணும் வரிசை எண்ணும் காலியாக இருந்தது. “உன்னுது என்ன நம்பர் தம்பி?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.