கைதானவருக்கும் ஓர் 'அவர்' வேண்டும்

ஜப்பானியர்களின் மரியாதைச் சொற்களைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே இங்கே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. ஒரு கட்சி 'என்ன பணிவு, என்ன பண்பாடு' என்று உருகுகிறது. மற்றது 'நிலவுடைமைக் காலத்து அடிமைப் புத்தி' என்று முகம் சுளிக்கிறது. அந்த மொழியின் இலக்கணத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இரண்டு பேச்சும் நிற்காது.

பெயருக்குப் பின்னால் 'ஸான்' சேர்ப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். யாருக்குச் சேர்க்கமாட்டார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தன் பெயருக்குச் சேர்க்கக்கூடாது. வெளியாளிடம் பேசும்போது தன் தரப்பு ஆள் எவருக்கும் சேர்க்கக்கூடாது. தனாகா என்பவர் ஒரு நிறுவனத்தின் தலைவர் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்குள் அவர் 'தனாகா ஷாச்சோ'. ஷாச்சோ என்றால் நிறுவனத் தலைவர். வெளியிலிருந்து தொலைபேசி வந்தால், நேற்றுச் சேர்ந்த வரவேற்பாளர்கூட வெறும் 'தனாகா' என்றுதான் சொல்வார். கூடவே வினைச்சொல்லையும் தாழ்த்திக்கொள்வார். பதவியைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'ஷாச்சோ நோ தனாகா' என்று அதைப் பெயருக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பார். பெயருக்குப் பின்னால் நிற்கும் பதவி மரியாதை. முன்னால் நிற்கும் அதே பதவி வெறும் தகவல். பின்னால் நிற்கும் பதவியோடு, 'ஸான்' என்பதைவிட உயர்ந்த மரியாதை ஒட்டான 'ஸாமா'வும் சேர்த்து எழுதினால் பிழை என்று திருத்துவார்கள். 'மாண்புமிகு', 'திரு', 'அவர்கள்' மூன்றையும் ஒரே பெயரில் ஏற்றும் நம் மேடைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொரிய மொழியில் இந்த இடமாற்றம் இல்லை. தலைவரை வெளியாளிடமும் 'சாஜாங்நிம்' என்று மரியாதையோடுதான் குறிப்பிடுவார்கள். நாமும் அந்தப் பக்கம்தான். யாரிடம் பேசினாலும் 'அப்பா சொன்னார்' என்கிறோம். ஜப்பானியரோ தந்தையை நேரில் 'ஒத்தோஸான்' என்று அழைத்துவிட்டு, அடுத்தவரிடம் 'ச்சிச்சி' என்று அடக்கமாகக் குறிப்பிடுவார். மரியாதை அங்கே ஒருவரின் நிரந்தரச் சொத்து இல்லை. யார் முன்னால் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து அது வரும், போகும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஜப்பானியத் திருமண அழைப்போடு வரும் பதில் அட்டையைப் பார்க்க வேண்டும். அட்டை திரும்பிப் போக வேண்டிய முகவரியில், அழைத்தவர் தன் பெயருக்குப் பின்னால் 'யுக்கி' என்று மட்டும் அச்சிட்டிருப்பார். இன்னாருக்குச் சேர வேண்டியது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பதில் எழுதுபவர் அந்த 'யுக்கி'யை இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு 'ஸாமா' என்று எழுத வேண்டும். பின்பக்கம் 'வருகை' என்ற சொல்லுக்கு முன்னால் விருந்தினரை உயர்த்தும் 'கோ' இருக்கும். அது இப்போது தன்னைக் குறிப்பதால் அதையும் அவரே அடிக்க வேண்டும். தனக்கு வந்த மரியாதையைத் தன் கையால் அடித்து, எதிராளி விட்டுவைத்த மரியாதையைத் தன் கையால் எழுதுவது! எனக்கு மிகவும் பிடித்த இலக்கணப் பாடம் இந்த அட்டைதான்.

வினைச்சொற்களைத் தனியாகவே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். ஜப்பானிய வினையில் நம்முடைய 'ஏன்', 'ஆய்', 'ஆர்' போல இடம் காட்டும் விகுதி கிடையாது. ஆனாலும் 'வருவது' என்பதை உயர்த்திச் சொல்லும் 'இரஷ்ஷாய்மாஸு' என்றால் வருபவர் பேசுகிறவர் அல்ல என்பதும், தாழ்த்திச் சொல்லும் 'மாயிரிமாஸு' என்றால் பேசுகிறவரோ அவர் தரப்போதான் என்பதும் பெரும்பாலும் விளங்கிவிடும். இதை வெறும் அடிமைப் புத்தி என்று ஒதுக்கினால், எழுவாயைச் சொல்லாமலே ஓடும் ஒரு மொழியில் இது செய்யும் வேலை நம் கண்ணில் படாது.

இந்த வழக்கங்கள் கல்வெட்டும் அல்ல. ஜப்பானிய நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களைப் பெயரோடு 'குன்' (பெரும்பாலும் ஆண்களுக்கும் இளையவர்களுக்கும் சேர்க்கும் ஒட்டுச்சொல்) சேர்த்து அழைப்பது பழைய மரபு. 1993இல் கீழவையின் முதல் பெண் அவைத்தலைவரான தோய் தகாகோ, எல்லோரையும் 'ஸான்' என்று அழைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் 'குன்'னுக்கே திரும்பிவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பையன்களுக்குக் 'குன்', பெண்களுக்கு 'ஸான்' என்றிருந்த பள்ளிகள் பலவற்றில் இப்போது எல்லோருக்கும் 'ஸான்'.

இவை எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது செய்தித் துறையில் நடந்த மாற்றம். கைது செய்யப்பட்டவரை ஒட்டுச்சொல் ஏதுமின்றி மொட்டைப் பெயரால் எழுதுவதுதான் அங்கேயும் ஒரு காலத்து வழக்கம். குற்றம் நிரூபணமாகும் முன்பே பெயரைப் பிடுங்கி வீதியில் நிறுத்துவதுபோல அது ஒலிக்கிறது என்ற எதிர்ப்பு வலுத்தது. 1984இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. மாறியது, 1989இல் பெரிய நாளிதழ்களும் மாறின. இப்போது பெயருக்குப் பின்னால் 'யோகிஷா', அதாவது சந்தேகத்துக்குரியவர், என்ற சொல் நிற்கிறது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனதும் 'ஹிகொக்கு', குற்றம் சாட்டப்பட்டவர். இவை மரியாதைச் சொற்கள் அல்ல. ஆனால் பெயர் மொட்டையாக நிற்பதில்லை. வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் வாசகருக்குத் தெரிகிறது. சந்தேகத்துக்குரியவர் என்று எழுதினாலே ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறதே என்று கேட்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இருந்தாலும் அது ஒரு படி மேல்.

நம் செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். பைக் திருடியதாகப் பிடிபட்ட கூலித் தொழிலாளி அடுத்த வரியிலேயே 'அவன்' ஆகிவிடுவதை எத்தனை முறை படித்திருக்கிறோம். கோடிக்கணக்கில் மோசடி செய்ததாகக் கைதாகும் பெரிய மனிதர் சிறைக்குப் போகும் வரையிலும், போன பிறகும் 'அவர்'தான். நீதிபதி இருவர் விஷயத்திலும் இன்னும் வாயே திறக்கவில்லை.

'தமிழ் மரபு அப்படி' என்று சிலர் சொல்வார்கள். ஒருவரைப் பன்மையில் சொல்வதை 'வழக்கினான் ஆகிய உயர்சொல்' என்கிறது தொல்காப்பியம். வழக்கத்தால் வந்தது என்று இலக்கணமே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆகவே நான் கேட்பது புது இலக்கணம் அல்ல. கைதானவர் யாராக இருந்தாலும், தொழில் எதுவாக இருந்தாலும், தீர்ப்புக்கு முன்பும் பின்பும் 'அவர்' என்றே அச்சிட வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டாம், அரசாணை வேண்டாம். நாளிதழ்களின் ஆசிரியர் குழுக்கள் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. இதழியல் நண்பர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் இதைப் பேசிப் பாருங்கள்.