செருப்பு சரி, மூக்குத்தி எதற்கு?

நீதிமன்றத்துக்குப் போகும்போது எப்படி உடுத்துவது என்று வந்த கட்டுரையைப் படித்தேன். அரைக்கால் சட்டை, தொப்பி, ரப்பர் செருப்போடு போகாதீர்கள் என்று அது சொல்வது நியாயம்தான். ஆனால் "நகை, மதச் சின்னங்களையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள்" என்ற வரி இடிக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வாசகர்களுக்கா இதைச் சொல்வது? 1893இல் இதே ஊர் நீதிமன்றத்தில் தலைப்பாகையை எடுக்கச் சொன்னதும் காந்தி வெளியே நடந்தார். இங்கே ஒரு பள்ளியில் தமிழ் மாணவியின் மூக்குத்திக்குத் தடை போட, வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2007இல் மாணவி பக்கம்தான் தீர்ப்பு.

வாசல் சோதனை வேறு விஷயம். பொது வளாகங்களில் நுழைவதைக் கட்டுப்படுத்தும் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, பையில் என்ன இருக்கிறது என்று காவலர் கேட்கலாம், கருவியால் சோதிக்கலாம். ஒத்துழைக்காவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை.

ஒருமுறை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆயாவின் கைப்பையில் பாக்குவெட்டி! காவலர் ஜூலு இனத்து இளம் பையன். திருப்பித் திருப்பிப் பார்த்தான், திறந்து மூடினான். ஆயா வெற்றிலை போடுவதுபோல் நடித்துக் காட்டினார். சிரித்தானே தவிர விடவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு துண்டுச்சீட்டு கொடுத்தான். மூக்குத்தியையோ கையில் கட்டியிருந்த மஞ்சள் காப்பையோ கண்டுகொள்ளவே இல்லை. அதுதான் சரி.

அப்புறம், கட்டுரையில் விட்டுப்போன ஒன்று: சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கத்தி, பெப்பர் ஸ்பிரே இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வரிசையில் பாதி நேரம் அதற்கே போகிறது.