கோட்டுக்கு வெளியே நிற்கும் நாங்கள்

போன மாதம் சென்னை ஓ.எம்.ஆர் பக்கம் ஒரு டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் மைதானத்தில், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான செவன்ஸ் கால்பந்துப் போட்டி, அணிக்கு ஏழு பேர். அரையிறுதி. எதிரணி கோல்கீப்பருக்கு மிஞ்சிப்போனால் பதினொரு வயது இருக்கும். போட்டிருந்த கையுறை அவனுக்கு ஒரு சைஸ் பெரியது. எங்கள் பையன் உருட்டிவிட்ட ஒரு சாதாரணப் பந்து அவன் கால்களுக்கு நடுவே புகுந்து கோலுக்குள் போய்விட்டது.

அவனுடைய கோச் கோட்டோரம் நின்று கத்தினார்: "கையில என்ன வெண்ணெய் தடவிட்டு வந்தியா? வீட்லயே உக்காந்து மொபைல் பாக்க வேண்டியதுதானே?" கத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலை ஓர் உதை விட்டார். மூடி கழன்று பெஞ்சில் இருந்த பையன்கள் மேலெல்லாம் தண்ணீர். ஒருவனும் சிரிக்கவில்லை. கோல்கீப்பர், டர்ஃபின் கறுப்பு ரப்பர் துகள் ஒட்டிய கையுறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அவன் பந்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் முதலில் கோச்சைப் பார்த்தான். இரண்டாவது கோலும் விழுந்தது, மூன்றாவதும்.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். "இப்படியெல்லாம் கோச்சுகள் இருக்கிறார்கள் பாருங்கள்" என்று நாலு பத்தி திட்டிவிட்டு, உங்கள் லைக்குகளை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அந்த முதல் கோலுக்கும் இரண்டாவது கோலுக்கும் நடுவில் நான் என்ன சொன்னேன் என்பது ஞாபகம் வந்து தொலைத்தது. அவனுக்கு எதிராக ஆடிய அணியின் கோச் நான். என் பையன்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "டேய், அவன் உடைஞ்சுட்டான். எங்கேருந்து வேணா அடிங்க."

ஜெயித்தோம். கோப்பை வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது.

பெரியவர்கள் ஆடும் ஆட்டத்தில் இது தப்பே இல்லை என்று இப்போதும் சொல்வேன். கோல்கீப்பர் தடுமாறினால் தூரத்திலிருந்து அடித்துப் பார்ப்பது ஆட்டத்தின் ஒரு பகுதி. என்னை உறுத்துவது அந்த 'உடைஞ்சுட்டான்'தான். என் பையன்களின் வயதுப் பையன் ஒருவன் அழுகிறான். அதை வாய்ப்பாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதுவும் ஒரே வார்த்தையில். பாட்டிலை உதைத்தவர் தன் பையன் ஒருவனை நோகடித்தார். நான் என் பையன்கள் ஏழு பேருக்கும் பாடம் எடுத்தேன்.

சரி, என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டக் கடற்கரை ஊர்க்காரன். எங்கள் பக்கம் பையன்கள் மணலில் பந்து ஆடிப் பழகியவர்கள். இந்திய அணி வரை போன சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். எனக்கெல்லாம் கோச் என்று யாரும் கிடையாது. அண்ணன்மார் ஆட, கூட ஓடிக் கற்றுக்கொண்டோம். அங்கே சத்தம் இல்லாமலா? வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்கள் சொன்ன கெட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் நாங்கள் ஜெயித்தால் அவர்களுக்கு ஒரு சம்பாத்தியமும் இல்லை, தோற்றாலும் நஷ்டமில்லை. ஆட்டம் முடிந்ததும் வலைக்குத் திரும்பிவிடுவார்கள். இப்போது சென்னையில் வேலை. சனி ஞாயிறில் ஒரு சின்ன அகாடமியில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இங்கே கணக்கே வேறு.

அந்தக் கணக்கை வெளியில் நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டர்ஃபுக்கு மணிக்கணக்கில் வாடகை. பையன்கள் கட்டும் மாதக் கட்டணத்தில்தான் அதைச் சமாளிக்க வேண்டும். பையன்கள் வர வேண்டும் என்றால் இன்ஸ்டாகிராமில் கோப்பையோடு படம் வர வேண்டும். இரண்டு தொடரில் முதல் சுற்றோடு வெளியே வந்தால், மூன்றாவது மாதம் ஒரு அப்பா வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் விலகிவிடுவார். அவருடைய மகன் வேறு ஜெர்சியில் எங்களுக்கு எதிராக ஆடுவான். முழுநேரக் கோச்சாக இருப்பவர்களுக்கு இது வயிற்றுப்பாடு. பாட்டிலை உதைத்தவரும் அப்படித்தான் என்று கேள்வி.

இன்னொன்று, பெற்றோர் பலருக்குச் சும்மா நிற்கும் கோச்சைப் பிடிக்காது. "சார் ஏன் ஒண்ணும் சொல்லாம நிக்கிறாரு? காசு வாங்கலையா?" என்று என் காதுபடவே ஒருவர் கேட்டிருக்கிறார். தொண்டை கிழியக் கத்தினால்தான் உழைப்பதாகத் தெரிகிறது. நானும் உழைத்துக் காட்டினேன்.

எவ்வளவு காட்டினேன் என்பது அந்த அரையிறுதியின் வீடியோவில் இருக்கிறது. ஒரு அப்பா முழு ஆட்டத்தையும் போனில் எடுத்துக் குழுவில் போட்டிருந்தார். ராத்திரி சாப்பிட்டபடி பார்க்க ஆரம்பித்தேன். பந்துச் சத்தம் கேட்கவில்லை, விசில் சரியாகக் கேட்கவில்லை, என் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. ரைட் பேக், அதாவது வலது பக்கத் தடுப்பாட்டம், ஆடும் பையனின் பெயரை மட்டும் முதல் பாதியில் முப்பது தடவைக்கு மேல் கத்தியிருக்கிறேன். "பாஸ் பண்ணு! ஏறாதே! திரும்புடா! அடி!" ஒரு கட்டத்துக்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பையன் என்ன செய்கிறான் என்றால், பந்து காலுக்கு வருவதற்கு முன் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறான். எதிரணி கோல்கீப்பரைப் போலவே. நான் பாட்டிலை உதைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு 'ஜாய்ஸ்டிக் கோச்சிங்' என்று பெயரே இருக்கிறது. வீடியோ கேம் ஆடுவது போலப் பையனை வெளியிலிருந்து ஆட்டுவது. பழக்கவழக்கத்தை விடுங்கள், ஆட்டக் கணக்கிலேயே இது உதவாது. நான் இடைவெளியைப் பார்த்து, வாயைத் திறந்து, அது அவன் காதில் விழுந்து, அவன் காலைத் தூக்குவதற்குள் அந்த இடைவெளி அடைபட்டுவிடுகிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நான் "பாஸ்" என்ற இடங்களில் பாதி, பாஸ் போக வழியே இல்லாத இடங்கள்.

ரெஃப்ரி விஷயத்துக்கு வருகிறேன். நம் வார இறுதிப் போட்டிகளில் விசிலோடு நிற்பது பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். காலை ஏழு மணியிலிருந்து மதியம் வரை வெயிலில் ஓடினால் கையில் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். 2019-ல் ஆட்ட விதிகள் மாறிய பிறகு கோச்சுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். எனக்கு ஒருமுறை மஞ்சள் காட்டியவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். ஒரு த்ரோ-இன்னுக்காக அவனைப் பிடித்துக் கிழித்தேன். அட்டையைத் தூக்கிய அவன் கை நடுங்கியது. நான் பெஞ்சைப் பார்த்துச் சிரித்தேன். பையன்களும் சிரித்தார்கள். அடுத்த பாதியில் எங்கள் பையன் ஒருவன் அவனைப் பார்த்து, நான் பேசிய அதே தொனியில், "கண்ணு தெரியுதா?" என்றான். பையனை உட்காரவைத்துப் புத்தி சொன்னேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேனோ!

நெதர்லாந்தில் அல்மேர என்ற ஊரில் 2012 டிசம்பரில் நடந்தது பலருக்கு ஞாபகமிருக்கலாம். பதினாறு வயதை ஒட்டிய பையன்களின் ஆட்டம். லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தவர் 41 வயதுக்காரர், ஆடிய பையன்களில் ஒருவனின் அப்பா. சம்பளம் இல்லாமல் உதவிக்கு நின்றவர். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் அவரைத் துரத்திப் போட்டு மிதித்தார்கள். மறுநாள் இறந்துபோனார். அடுத்த வார இறுதியில் அந்த நாட்டில் அமெச்சூர் ஆட்டங்கள் முழுக்க ரத்து. எனக்கு மறக்காமல் நிற்பது அதற்கு அப்புறம் வந்த செய்தி. 2013-ல் தண்டனை பெற்றவர்களில் ஆறு பேர் பதின்ம வயதினர், ஏழாவது ஆள் ஒரு பையனின் அப்பா. 50 வயது. அவருக்கு ஆறு வருடம்.

நம் ஊரில் அவ்வளவு தூரம் போகாது என்பீர்கள். போகாமல் இருக்கட்டும். ரெஃப்ரியை "டேய்" என்று கூப்பிடும் அப்பாக்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

வயது மோசடியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். தேசிய அளவில் எலும்பு வயதைப் பார்க்க எக்ஸ்ரே எடுக்கிறார்கள். வார இறுதிப் போட்டியில் பிறப்புச் சான்றிதழின் ஜெராக்ஸ் ஒன்றே சாட்சி. இரண்டு வருடம் முன்பு ஓர் அணியில் ஒருவன் எங்கள் பையன்களை மூன்று மூன்று பேராகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். உயரமான பையன்கள் உண்டுதான், அதனால் பேசாமல் நின்றேன். திடீரென்று அவர்கள் விங்கர் கையைத் தூக்கிக் கத்தினான்: "அண்ணா, இங்க பாஸ்! அண்ணா!" அவர்களுடைய கோச் என்னைப் பார்க்காமல் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், ஆனால் இரவில் யோசித்தால் சிரிப்பாக இல்லை. அந்த அணியில் மற்ற எல்லாப் பையன்களுக்கும் அவன் எந்த வகுப்பு என்று தெரியும். எல்லோரையும் சேர்த்து ஒரு பொய்க்குள் நிற்க வைத்திருந்தார் அந்த மனிதர்.

பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பது இன்னொரு சங்கடம். 2017-ல் ஸ்பெயினின் வலென்சியாவில் பதினொரு வயதுக்குக் கீழான ஆட்டம் ஒன்று 25-0 என்று முடிந்தது. ஜெயித்த கிளப், தன் கோச்சையே வேலையை விட்டு அனுப்பியது. 2019-ல் இத்தாலியின் டஸ்கனியிலும் 27-0 ஜெயித்த இளையோர் அணியின் கோச்சுக்கு இதே கதி. என் நண்பர்கள் பலர் "சபாஷ்" என்றார்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பத்து வயதுப் பையனிடம் "இனிமே கோல் போடாதே" என்று சொன்னால் அவன் பந்தை வைத்துச் சுற்றிச் சுற்றி விளையாட்டுக் காட்டுவான். எதிரே நிற்பவனுக்கு 25 கோலை விட அது பெரிய அவமானம்.

ஆனால் கோச்சால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கோல்கீப்பரை முன்னால் ஆட விடலாம், ஃபார்வர்டைப் பின்னால் நிறுத்தலாம். இடது காலால் மட்டும் அடிக்கச் சொல்லலாம். ஒருவனை வெளியே எடுத்துவிட்டு ஆறு பேரோடு ஆடலாம். இங்கிலாந்தில் சிறுவர் ஆட்டங்களுக்கு 'பவர் பிளே' என்றே ஓர் ஏற்பாடு உண்டு. நான்கு கோல் பின்தங்கிய அணி கூடுதலாக ஒருவனை இறக்கிக்கொள்ளலாம். முக்கியமாக, காலையில் ஆறு மணிக்கு எழுந்து பல்லாவரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் வந்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று பேரை இறக்கலாம். 5-0 என்று ஜெயித்துக்கொண்டிருக்கும்போதும் அவர்களை இறக்காத கோச்சை எனக்குத் தெரியும். ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

கோச்சு சத்தமே போடக் கூடாதா என்றால், அப்படி இல்லை. 2019 ஏப்ரலில் லீட்ஸ் - ஆஸ்டன் வில்லா என்ற இரண்டு இங்கிலாந்து கிளப்புகளின் ஆட்டம். வில்லா வீரர் ஒருவர் அடிபட்டுக் கிடக்க, பந்தை வெளியே தள்ளிவிடுவார்கள் என்று அவர்கள் நினைத்து நின்ற நேரத்தில் லீட்ஸ் கோல் போட்டது. பெரிய தள்ளுமுள்ளு. லீட்ஸ் கோச் பியெல்சா கோட்டோரம் நின்று, கையை ஆட்டி ஆட்டித் தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார்: விடுங்கள், அவர்கள் ஒரு கோல் போடட்டும்! அவருடைய வீரர் ஒருவரே அதை ஏற்காமல் பந்தைப் பறிக்கப் பார்த்தார். 1-1. அந்த டிராவோடு, இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீகுக்கு லீட்ஸ் நேரடியாகப் போகும் வழி அடைபட்டது. அந்த வருட ஃபிஃபா ஃபேர் பிளே விருது அவர்களுக்கு. அது சம்பளம் வாங்கும் பெரியவர்களின் ஆட்டம், எவ்வளவு பணம் கைமாறும் என்று நமக்குத் தெரியும். நமக்கு அரையடிக் கோப்பை, அதுவும் பிளாஸ்டிக்.

அமெரிக்காவில் ஓஹாயோ பக்கம் 1999-லேயே ஒரு சிறுமியர் லீக்கில் ஒரு ஞாயிறு முழுக்கப் பெரியவர்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வைத்துப் பார்த்தார்கள். பிறகு வேறு இடங்களிலும் பரவியது. சில ஊர்களில் பெற்றோர் வாயில் வைத்துக்கொள்ள லாலிபாப் கொடுத்தார்களாம். நான் அதை இங்கே கடலை மிட்டாயாக மாற்றிக்கொண்டேன். நேற்று ஒரு நட்பு ஆட்டம். ஆட்டத்துக்கு முன் பையன்களிடம், "உள்ளே நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. இடைவேளையில் மட்டும் பேசுவேன்" என்றேன். ஒரு பாக்கெட் கடலை மிட்டாயோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ரைட் பேக் முதல் பத்து நிமிடம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் மென்றுகொண்டிருந்தேன். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டான். விட்டவன் நேராகப் போய் எதிரணிக்காரன் காலிலேயே பந்தைக் கொடுத்தான், கோல். பாதி மிட்டாய் தொண்டையில் சிக்கியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. 0-2 என்று தோற்றோம். இடைவேளையில் ஒரு அம்மா வந்து கவலையோடு கேட்டார்: "என்ன சார், உடம்பு சரியில்லையா?"

அந்தக் கோல்கீப்பர் பையனின் அணியில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவன் இன்னும் வருகிறானா என்று கேட்க வேண்டும். நம்பர் இருக்கிறது, இன்னும் கூப்பிடவில்லை. இந்த மாதக் கட்டணம் இரண்டு பேர் கட்டவில்லை. தோற்றதாலா, மாதக் கடைசி என்பதாலா தெரியவில்லை.