சாத்தான் வேதம் ஓதும்போது

சென்ற ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். முந்தின நாள் இரவு, கன்னியாஸ்திரி உருவத்தில் பேய் வருமே, அந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறான். "டீச்சர், வாலக் என்று சத்தமாகச் சொன்னால் அது வந்துவிடுமா?" என்று கேட்டான். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். கழுத்தில் புத்தம் புதிய செபமாலை. செபமாலை கழுத்தில் மாட்டும் நகையல்ல, கையில் வைத்துச் சொல்வது என்று மூன்று வருடமாகத் தொண்டை வற்றக் கத்துகிறேன். என் பேச்சுக்கு அசையாதவன் ஒரு படத்துக்கு அசைந்திருக்கிறான்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்தப் பெயரை நானே மூன்று முறை உரக்கச் சொல்லிக் காட்டினேன். மின்விசிறி அதே கிறீச்சுச் சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. பையன் அரைகுறைத் திருப்தியோடு போனான். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருந்தது. பதின்மூன்று வயதில் அதைச் சொல்ல முடியாது. இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய்ப்படம் பார்ப்பது பாவம் என்று பிரசங்கம் செய்ய வரவில்லை. நானே பார்ப்பவள்தான். நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் தோட்டங்களில் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயா அவசரகாலம் தொடங்கிய ஊர். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். பால்மரக் காட்டில் முனி, ஆற்றங்கரையில் மோகினி, வாழை மரத்தில் பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண் பேய் என்று ஆளுக்கொரு பேயோடு வளர்ந்தவர்கள் நாங்கள். பயப்படக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு ஹாலிவுட் தேவைப்படவில்லை.

ஹாலிவுட் கற்றுக்கொடுத்தது பேயை அடையாளம் காணும் விதத்தை. அதுதான் என் புகார்.

வாலக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழாம் நூற்றாண்டு மந்திர நூல் ஒன்றில் இருக்கும் பெயர் அது. அதில் அவன் சம்மனசு, அதாவது தேவதூதர் போல இறக்கை முளைத்த சிறு பையன், இரண்டு தலை டிராகனின் மேல் ஏறி வருவான். அங்கியும் முக்காடும் 2016இல் தி கான்ஜுரிங் 2 படத்துக்காகப் போட்டுவிட்டவை. போட்டுவிட்ட இயக்குநர் ஜேம்ஸ் வான் நம் சரவாக்கின் கூச்சிங்கில் பிறந்து, சிறு வயதிலேயே ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். அதில் எனக்கு ஓர் அற்பப் பெருமையும் உண்டு. தலைகீழ்ச் சிலுவை இன்னொன்று. படத்தில் சுவரில் சிலுவை தானாகத் திரும்பினால் சாத்தான் வந்துவிட்டான் என்று பொருள். ஆனால் தலைகீழாக அறையப்பட்டு இறந்தவர் இராயப்பர், அதாவது பேதுரு என்பது திருச்சபையின் பழைய மரபு. அது அவருடைய சிலுவை. 'ஆண்டவரைப் போல நிமிர்ந்து சாக எனக்குத் தகுதியில்லை' என்ற தாழ்மையின் அடையாளம். அதைப் போய்ப் பேயின் முத்திரையாக்கிவிட்டார்கள்.

இவை சில்லறைத் தவறுகள், போகட்டும். பெரிய தவறு இது: படத்தில் பேய்க்கு எப்போதும் சிலுவையைக் கண்டால் ஆகாது. உறுமும், கண் செருகும், புனித நீர் பட்டால் தோல் பொசுங்கும். பக்தியுள்ள மனிதர் உள்ளே நுழைந்தால் ஒடுங்கும். யார் நல்லவர், எது கெட்டது என்று பார்ப்பவருக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் இருக்காது.

1987இல் எங்கள் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்தது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்து, ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டுபவள். திடீரென்று ஒரு வாரம் பெரட்டுக்கு வரவில்லை. அந்தி சாய்ந்தால் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு ஆண் குரலில் கத்துவாள். சாப்பாட்டுத் தட்டை வீசுவாள். நிலைக்கண்ணாடியை உடைத்துவிட்டாள்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயமே அவர்கள் வீட்டு வாசலில் கூடியது. என் பாட்டி உப்பும் மிளகாயும் கடுகும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, அதே கையால் சிலுவை வரைந்துகொண்டார். எங்களில் பலருக்கு அதில் எந்த முரண்பாடும் தெரிந்ததில்லை. முனீஸ்வரர் கோயில் பூசாரி வேப்பிலையோடு வந்தார். பக்கத்து மலாய்க் கம்பத்திலிருந்து ஒரு பொமோ, அதாவது மலாய் மந்திரவாதி, எலுமிச்சம்பழத்தோடு வந்தார். இருநூறு வெள்ளி செலவானது. அன்றைக்கு அது பெரிய தொகை. அவள் யாருக்கும் அடங்கவில்லை.

ஒருவருக்கு மட்டும் அடங்கினாள். எங்கள் பலகைத் தேவாலயத்தில், பங்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் நடத்துபவர் அவர். தவக்காலத்தில் சிலுவைப்பாதைப் பாட்டை அவர் எடுத்துக்கொடுத்தால் பெண்கள் கண்ணீர் விடுவார்கள். அவர் பாடுபட்ட சுரூபத்தை, இயேசு அறையப்பட்ட சிலுவையை, நீட்டிப் பிடித்தபடி வாசற்படியைத் தாண்டியதும் அக்காவின் குரல் பட்டென்று நின்றுவிடும். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்குவாள். "பார்த்தீர்களா, நல்ல மனிதரைக் கண்டதும் பசாசு எப்படி ஒடுங்குகிறது!" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் உயரத்துக்கு அவள் முகம் தெரியவில்லை, கால்கள்தான் தெரிந்தன. பாயின் ஓரத்தைக் கால்விரல்களால் இறுகப் பற்றியிருந்தாள். நகங்கள் வெளுத்துப் போயிருந்தன.

அந்த மாதப் பூசைக்குச் சாமியார் வந்தார். பிரெஞ்சுக்காரர், எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார், கப்சாய் என்ற ஓட்டைச் சிறு மோட்டார்சைக்கிளில் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவார். அவரைப் பேய் ஓட்டச் சொன்னார்கள். ஆயரின் அனுமதி இல்லாமல் எந்தச் சாமியாரும் அதைச் செய்யக் கூடாது, தன்னிடம் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார். கூட்டத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டு வீடியோவில் தி எக்ஸார்சிஸ்ட் பார்த்திருந்த இளவட்டங்களுக்கு இன்னும் ஏமாற்றம். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார், சுரூபம் பிடித்திருந்தவரையும் சேர்த்து. அவர் 'நான் உள்ளே இருந்தால்தான் அடங்குவாள் சாமி' என்றார். 'நீங்கள்தான் முதலில் போக வேண்டும்' என்று சாமியார் சொன்னதாக அக்காவின் அம்மா பின்னாளில் சொன்னார். அம்மா மட்டும் கூட இருந்தார். கதவு திறந்தேதான் இருந்தது. ஒரு மணி நேரம். பரலோக மந்திரம் சொல்லும் சத்தம் ஒரு முறை கேட்டது, பிறகு அழுகை. அது பெண் குரல்.

அடுத்த வாரமே அக்காவை ஈப்போவில் கன்னியர்கள் நடத்திய விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோய்விட்டார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் தையல் கற்றுக்கொண்டாள். பேய் ஈப்போவுக்குக் கூடப் போகவில்லை.

என்ன நடந்திருந்தது என்பதை அக்கா என்னிடம் சொல்ல இருபது வருடம் ஆனது. நான் விவரிக்கப் போவதில்லை. சுரூபம் பிடித்தவருக்கு அந்த வீட்டுக்குள் எந்த நேரத்திலும் போய்வரும் உரிமையை நாங்கள்தான் பக்தியின் பெயரால் கொடுத்திருந்தோம் என்பது போதும். அவள் நடுங்கியதை எல்லோரும் பார்த்தோம். யாரைக் கண்டு நடுங்கினாள் என்பதும் தெரிந்தது. ஆனால் அதற்கு நேர்த் தலைகீழாகப் பொருள் சொல்லிக்கொண்டோம். அந்த மனிதர் தோட்டம் கலையும்வரை செபம் நடத்தினார். சாகும்போது ஊரே திரண்டு பாட்டுப் பாடி அடக்கம் செய்தது. நானும் பாடினேன், அன்றைக்கு எனக்குத் தெரியாது.

"அப்படியானால் பசாசு இல்லை என்கிறாயா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை. பாஸ்கா இரவில் மெழுகுதிரி விரலில் உருகி வழிய, 'சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?' என்று சாமியார் கேட்கும்போது, 'விட்டுவிடுகிறேன்' என்று நான் சொல்வது விளையாட்டுக்கு அல்ல. ஆனால் வேதாகமத்தில் இருக்கும் சாத்தான் படத்தில் வருபவனைப் போல் இல்லை. பாலைவனத்தில் இயேசுவைச் சோதிக்க வந்தபோது அவன் உறுமவில்லை. தேவாலய உச்சியில் நிறுத்தி, சங்கீதத்திலிருந்து வசனம் எடுத்துச் சொன்னான். சாத்தான் வேதம் ஓதுவது என்ற நம் பழமொழி வேறு எங்கிருந்து வந்தது? திருத்தூதர் பணிகள் 19ஆம் அதிகாரத்தில் ஸ்கேவாவின் ஏழு மகன்கள் வருகிறார்கள். இயேசுவின் பெயரை மந்திரம் போலச் சொல்லிப் பேய் ஓட்டப் பார்க்கிறார்கள். 'இயேசுவைத் தெரியும், பவுலையும் தெரியும், நீங்கள் யார்?' என்று பேய் கேட்டு, அடித்து, துணிகூட இல்லாமல் ஓட விடுகிறது. இதை மட்டும் யாரும் படமாக எடுப்பதில்லை. பெயரும் மரக்கட்டையும் தானாக வேலை செய்யும் என்று நம்பினால்தானே பேய்ப்படம் ஓடும்?

தி எக்ஸார்சிஸ்ட் மீது எனக்கு அந்தக் கோபம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1949இல் அமெரிக்காவில் ஒரு பையனுக்கு நடந்ததாகச் சொல்லப்பட்ட பேயோட்டுதலை வைத்து 1971இல் நாவலாகி, 1973இல் படமானது. நாற்பதைத் தாண்டிய பிறகு அதை மறுபடி பார்த்தபோது, பேய்க் காட்சிகளைவிட மருத்துவமனைக் காட்சிகள்தான் என்னை உலுக்கின. அந்தச் சிறுமியின் கழுத்தில் ஊசி ஏற்றி எடுக்கும் பரிசோதனை. முதலில் மருத்துவர்கள், அப்புறம்தான் சாமியார். அவரும் மனநல மருத்துவம் படித்தவர், அவருக்கும் சந்தேகம், ஆயரிடம் போய் அனுமதி கேட்கிறார்கள். பேய் அவரைத் தாக்குவது அவருடைய சொந்தக் குற்ற உணர்ச்சி வழியாக: தனியாகச் செத்துப்போன அம்மா. கடைசியில் வென்றது சிலுவையா என்றால், அதுவும் இல்லை. என்னை எடுத்துக்கொள் என்று அவர் தன்னையே கொடுக்கிறார். பின்னால் வந்தவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு, சுழலும் தலையையும் பச்சை வாந்தியையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அது படமல்ல. ஜெர்மனியில் அன்னலீசா மிஷெல் என்ற மாணவி. வலிப்பு நோய் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். 1975-76இல் ஆயரின் அனுமதியோடு 67 முறை பேயோட்டும் சடங்கு நடந்தது. உணவு மறுத்து, 1976 ஜூலை 1ஆம் தேதி இறந்தபோது வயது 23, எடை ஏறக்குறைய 30 கிலோ. பெற்றோரும் இரண்டு சாமியார்களும் 1978இல் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, அனுமதி வாங்கிவிட்டால் மட்டும் கண் திறந்துவிடாது. 1614 முதல் இருந்த பேயோட்டும் சடங்கைத் திருச்சபை 1999இல்தான் திருத்தி வெளியிட்டது. அவசரப்பட்டுப் பேய் என்று முடிவு கட்டாதே, மருத்துவம் தெரிந்தவர்களைக் கேள் என்று அது சொல்கிறது. எங்கள் கப்சாய் சாமியார் இதைப் பன்னிரண்டு வருடம் முன்பே செய்துவிட்டார்.

நம் நாட்டு மலாய்ப் படங்களிலும் இப்போது இதே வாய்ப்பாடுதான். சாமியாருக்குப் பதில் இஸ்லாமியச் சமய ஆசிரியரான உஸ்தாஸ், லத்தீன் செபத்துக்குப் பதில் குர்ஆன் வசனம். 2016இல் வெளியாகி வசூலைக் குவித்த முனாஃபிக் படத்தை என் மகன் வற்புறுத்தி உட்கார வைத்தான். பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தேன். தலைப்பு மட்டும் என்னை விடவில்லை. முனாஃபிக் என்றால் வெளியே நம்பிக்கை காட்டி உள்ளே மறுப்பவன், நயவஞ்சகன். ஒரு பேய்ப்படத்துக்கு அந்தப் பெயரை வைக்கத் தோன்றியவரை மெச்சத்தான் வேண்டும்.

படங்களில் குடும்பம் எப்போதும் நல்ல குடும்பம், வீடுதான் கெட்ட வீடு. தீமை வெளியிலிருந்து வரும். பழைய பொம்மையில், வாங்கிய நிலத்தில், நிலவறையில். ஒவ்வொரு பூசையிலும் நெஞ்சில் தட்டிக்கொண்டு 'என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே' என்று சொல்கிற எங்களுக்கு இது எப்படி இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது என்று எனக்கு ஆச்சரியம்தான். பசாசை வைத்துக்கொண்டு பாவத்தைக் கழற்றிவிட்டார்கள். பார்ப்பதற்கு வசதியாக இருக்கிறது.

அக்கா இப்போது ஈப்போ புந்தோங்கில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பல வருடமாக எனக்குப் புரியாத விஷயம், அவள் பேய்ப்படப் பைத்தியம். ஒன்று விடமாட்டாள். கன்னியாஸ்திரிப் பேய், பொந்தியானாக், தாய்லாந்துப் பேய் எல்லாம். போன பள்ளி விடுமுறையில் அவள் வீட்டில் தங்கியிருந்தபோது, நடு இரவில் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு, முறுக்கும் கடலையும் கலந்த கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் ஒரு பெண், வீட்டில் ஏதோ இருக்கிறது என்று புருஷனிடம் அழுதுகொண்டிருந்தாள். அவன் நம்பவில்லை.

"உனக்கு எப்படி அக்கா இதையெல்லாம் பார்க்க முடிகிறது?" என்று கேட்டேவிட்டேன்.

"கொஞ்சம் பொறு," என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் அரை மணி நேரத்தில் அவன் நம்பிவிடுவான்."

பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள். ஒலியைக் கொஞ்சம் கூட்டினாள்.