ஹார்மோன் சிகிச்சை எடுக்கும் எல்லோருக்கும் மார்பகப் புற்றுநோய் வருமா?

மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை பெறும் பெண்கள் அனைவருக்கும் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. இந்த அச்சத்தின் ஊற்று, அமெரிக்காவில் சராசரியாக 63 வயதுடைய 16,608 பெண்களிடம் நடத்தப்பட்டு 2002-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்ட ஆய்வாகும். அதில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரு ஹார்மோன்களையும் சேர்த்து உட்கொண்டவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 38 பேருக்கும், மருந்தில்லாத போலி மாத்திரை உட்கொண்டவர்களில் 30 பேருக்கும் இந்நோய் கண்டது. கூடுதலான அந்த எட்டுப் பேரைப் புறக்கணிக்க முடியாதுதான்; ஆனால், 'அனைவருக்கும்' என்பது எங்கே, இது எங்கே! கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெற்றவர்களிடம் மார்பகப் புற்றுநோய் அதிகரிக்கவில்லை, பக்கவாதம்தான் சற்றுக் கூடியது. ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இச்சிகிச்சை பொதுவாகத் தரப்படுவதில்லை. மற்றவர்களில், 60 வயதுக்குள், உடல் திடீரெனக் கொதித்து வியர்ப்பதால் உறக்கமிழந்து தவிப்போருக்குப் பெரும்பாலும் நன்மையே மிகுதி.