பட்டா யார் பேர்ல?

(சைதாப்பேட்டையில் ஒரு மாடி போர்ஷன். பத்திரப் பதிவு ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆன சுந்தரம், அக்கா மகன் கார்த்தி. நடுவில் ஒரு பழைய கேம் பெட்டி.)

சுந்தரம்: ரிச்சி ஸ்ட்ரீட் பிளாட்பாரத்துல வாங்கினேன் மாப்ள. ஹாஃப் லைஃப் 2. அஞ்சு சிடி, ஒரு கீறல் இல்ல. 150 ரூபாய்.

கார்த்தி: போச்சு.

சுந்தரம்: பேரமே பேசாம குடுத்துட்டான்டா!

கார்த்தி: அப்பவே உஷாராகியிருக்கணும். 2004 நவம்பர்லயே இந்த கேமுக்கு ஸ்டீம்னு ஒரு ஆப் கட்டாயம், கேம் வாங்கறதும் ஓட்டறதும் அதுக்குள்ளதான். சிடி உங்க கையில இருந்தாலும், நெட்டுல அக்கவுண்ட் தொடங்கி, பெட்டிக்குள்ள அச்சடிச்சிருக்கிற ரகசியக் கோடை, அதான் கீ, அடிச்சாதான் ஓடும்.

சுந்தரம்: என் கம்ப்யூட்டர்ல அந்த ஸ்டீமே திறக்கலையே.

கார்த்தி: விண்டோஸ் 7 தானே? 2024 ஜனவரி 1-ஓட அதுல ஸ்டீமுக்கு சப்போர்ட் முடிஞ்சுது. ஸ்டீமுக்குள்ள குரோம் பிரவுசர்தான் ஓடுது. குரோம் கைவிட்டதும் இவங்களும் கைவிட்டாங்க. இருங்க, என் லேப்டாப்ல கீயை அடிக்கிறேன்... பாருங்க, ஏற்கெனவே வேற அக்கவுண்ட்ல ஏறியிருக்கு. ஒரு கீ ஒரு அக்கவுண்டுக்குத்தான்.

சுந்தரம்: அப்போ பத்திரம் என் கையில, பட்டா எவனோ ஒருத்தன் பேர்ல! வில்லங்கம் போட்டுப் பாருங்கன்னு முப்பது வருஷம் ஊருக்கே சொன்னேன்டா நான்.

கார்த்தி: விடுங்க. நான் குடுத்த லேப்டாப்ல லாரி கேம் ஓடுதுல்ல?

சுந்தரம்: யூரோ டிரக்கா? அதைக் கேக்காத. கரண்ட் பில் கட்ட லேப்டாப்பைத் திறந்தேன். பத்து நிமிஷத்துல போன்ல இருந்த 2 ஜிபியும் காலி. நான் கேம் பக்கமே போகல!

கார்த்தி: ஹாட்ஸ்பாட் போட்டீங்க, கம்ப்யூட்டரோட சேர்ந்து ஸ்டீமும் எழுந்துடுச்சு, அப்டேட்டைக் குடிச்சிடுச்சு. ஸ்டீம் செட்டிங்ஸ், இன்டர்ஃபேஸ் போய், கம்ப்யூட்டரோட சேர்ந்து ஸ்டீமும் திறக்கணும்ங்கிற டிக்கை எடுங்க. அப்புறம் லைப்ரரியில கேம் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அப்டேட்ஸ். ‘கேமைத் திறக்கும்போது மட்டும்’னு மாத்துங்க.

சுந்தரம்: அடியோட நிறுத்த முடியாதா?

கார்த்தி: அந்த பட்டனே கிடையாது. டவுன்லோட்ஸ்ல நேரம் குறிக்கலாம். ராத்திரி 11-லேர்ந்து 12-ன்னு வைங்க. அன்னிக்கு மிஞ்சின டேட்டா அதுல போகும், 12 மணிக்குப் புது 2 ஜிபி வந்துடும். பாதியில நின்னாலும் மறுநாள் விட்ட இடத்துலேர்ந்து இறங்கும்.

சுந்தரம்: பழைய சோறு கணக்கு. சரி, இன்னொண்ணு. 340 எம்பின்னு காட்டினான், இறங்கியும் ஆச்சு. அப்புறம் 40 நிமிஷம் கரகரன்னு என்னத்த அரைக்கிறான்?

கார்த்தி: கேம் ஃபைலை சுமார் 1 எம்பி துண்டா வெட்டி, மாறின துண்டை மட்டும்தான் அனுப்புவான். ஆனா அதைச் சொருக, பல ஜிபி ஃபைலைப் பழசுலேர்ந்து புதுசா எழுதணும். உங்களது சுத்துற ஹார்ட் டிஸ்க், அதான் கரகர. இடமும் காலியா இருக்கணும், இல்லன்னா ‘போதுமான இடமில்லை’னு நின்னுடும்.

சுந்தரம்: அவ்வளவு அரைச்சும், கேம்ல நான் தனியா சேர்த்த தமிழ்நாடு பஸ், அந்த மோட், காணோமே?

கார்த்தி: வெர்ஷன் மாறிடுச்சு, மோட் பழசு. அதே ப்ராப்பர்ட்டீஸ்ல பீட்டாஸ்னு ஒரு டேப். அதுல பழைய வெர்ஷனைத் தேர்ந்தெடுங்க. இந்த கேம்காரங்க விட்டு வெச்சிருக்காங்க, எல்லாரும் வைக்க மாட்டாங்க.

சுந்தரம்: அடுத்த வாரம் ஊர்ல கும்பாபிஷேகம். அங்க சிக்னலே கிடையாது.

கார்த்தி: இங்கயே அப்டேட்டை முடிச்சு, கேமை ஒரு தடவை திறந்து மூடிட்டு, ஸ்டீம் மெனுவுல ‘கோ ஆஃப்லைன்’ குடுங்க. அப்டேட் பாக்கின்னு தெரிஞ்ச பிறகு ஆஃப்லைன் போனீங்கன்னா, இறங்குற வரைக்கும் கேம் திறக்காது.

சுந்தரம்: சரிடா, எனக்கப்புறம் இந்த அக்கவுண்டைப் பேரனுக்கு எழுதி வைக்கலாமா?

கார்த்தி: முடியாது. அக்கவுண்டை மாத்திக் குடுக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. நீங்க வாங்கறது லைசன்ஸ்தான்னு 2024 அக்டோபர்லேர்ந்து பில் போடற இடத்துலயே சொல்லிடறான்.

சுந்தரம்: கிரயம்னு நெனச்சேன், குத்தகையா! அந்த அஞ்சு சிடியை எடு.

கார்த்தி: எதுக்கு மாமா? திருப்பிக் குடுக்கப் போறீங்களா?

சுந்தரம்: மாடியில உங்க அத்தை வடகம் காய வெச்சிருக்கா. கயித்துல கட்டித் தொங்கவிடு, காக்கா வராது. அதுக்கு லாகின் கேக்காதுல்ல?